பசலையும் இரும்பும்

சோர்வைப் பற்றி எழுதுவதில் நம்மவர்களுக்கு ஒருபோதும் சோர்வு ஏற்பட்டதில்லை. எழுபதுகளின் சிறுபத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஒருவர் ஜன்னலோரம் களைத்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலம், சிகரெட், இருத்தலின் சலிப்பு. சார்த்ரின் 'குமட்டல்' 1938-இல் வெளிவந்த நாவல். அதன் ஆங்கிலப் பிரதி ஒன்று எங்கள் வட்டத்துக்கு அட்டையில்லாமல் வந்து சேர முப்பத்தைந்து, நாற்பது வருஷங்களாயின. அதன் பிறகு நாமக்கல் கோட்டைப் பாறையைப் பார்த்தாலும் எங்களில் சிலருக்குக் குமட்டியது. அந்தச் சலிப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு உடம்பு கிடையாது. காம்யுவுக்குப் பதினேழு வயதில், 1930-இல், காசநோய் கண்டது என்பதை வாழ்க்கைக் குறிப்பில் படித்துவிட்டு, அபத்தம் என்ற கருத்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டது நம் விமர்சனம். புதுமைப்பித்தன் 1948-இல் அதே நோயில் இறந்தார். அவருடைய நம்பிக்கை வறட்சியைப் பற்றி எழுதியவர்கள் பலர். நுரையீரலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

நான் இங்கே எழுத நினைப்பது உடம்புள்ள ஒரு சோர்வைப் பற்றி.

என் தங்கையின் பேத்திக்கு வயது இருபத்திரண்டு. பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் நான்கு தறி பார்க்கிறாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. ஒரு வாரம் பகல், மறு வாரம் ராத்திரி. அவள் அப்பன் பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். அது தீரும்வரை வேறு பட்டறைக்கு அவள் நகர முடியாது. காவிரிக் கரையில் இந்தப் பக்கம் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் இப்படித்தான் நெய்கின்றன; இதில் அதிசயம் ஒன்றுமில்லை. போன வருஷம் ஆடியிலிருந்து அவளுக்கு அசதி. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்து நிமிர்ந்தால் தறி தூரத்துக்குப் போய்விடுகிறது. "தலை கிறுகிறுங்குதுங் தாத்தா" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

வார்த்தைகள் மற்றவர்களிடம் இருந்தன. பட்டறைக்காரர் சோம்பல் என்றார். என் தங்கை, இருட்டில் தனியாக வருகிற பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று சொல்லி வேப்பிலை அடித்தாள், கயிறு கட்டினாள். தெருவில், யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பேச்சு. அந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் காதுவரை போய், வந்த ஜாதகம் திரும்பிவிட்டது. ஊரில் ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மூன்று முறை குளுகோஸ் ஏற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி. மருந்துக் கடைக்காரர் ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார். கடைசியாகச் சொன்னவர் மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அவருடைய வார்த்தையும் மற்ற நான்கைப் போலத்தான் வேலை செய்தது. சொன்னவுடன் விசாரணை முடிந்துவிட்டது.

சங்கக் கவிதை படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. குறிஞ்சியில் தலைவி வெளுத்துப்போகிறாள், இளைக்கிறாள், வளை நெகிழ்கிறது. தாய் வேலனை அழைக்கிறாள். வெறியாட்டு நடக்கிறது, ஆட்டுக்குட்டி பலியாகிறது. வேலனுக்குத் தெரியாதது தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அந்தத் தெரிதலில்தான் பாட்டின் நகை இருக்கிறது. காரணம் காதல் ஒன்றுதான் என்று திணை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டதால் தோலின் நிறத்தை வேறு எதற்கும் சாட்சியாக அங்கே வாசிக்க முடியாது. பசலை ஒரு மகத்தான மரபு. மரபு என்பதற்கு மேல் அதை ஒரு பெண்ணின் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் பள்ளிபாளையத்துத் தெருவில் பார்த்தேன். தெருவில் சங்கப் பாட்டு படித்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்தும் வெளுத்த பெண்ணைக் கண்டதும் எல்லோருக்கும் உள்துறை ஞாபகம் வருகிறது.

ஐரோப்பாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1554-இல் யோஹானஸ் லாங்கே என்ற ஜெர்மானிய வைத்தியர், வெளுத்துச் சோர்ந்து மூச்சு வாங்கும் இளம் பெண்களின் நோயைக் 'கன்னியர் நோய்' என்று பெயரிட்டு விவரித்தார். அவர் எழுதிய மருந்து, கல்யாணம். பிறகு பச்சை நோய் என்று பெயர் மாறிற்று. காதல் ஏக்கம் என்ற எண்ணம் எளிதில் மாறவில்லை. 1832-இல் பிரான்சில் ப்ளோ என்ற டாக்டர் இரும்பு சல்பேட்டில் மாத்திரை செய்து கொடுத்தார், பெண்கள் தேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த உப்பு நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற பெயரில் இருப்பதுதான். சித்த மருத்துவர்கள் பாண்டு என்று சொல்லும் வெளுப்பு நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுக்கிறார்கள். கவிதை பசலை என்றதை வைத்தியம் பாண்டு என்றிருக்கிறது. இரண்டு சொல்லும் ஒரே மொழியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

சேலத்துக்காரனுக்கு இந்த இடத்தில் கஞ்சமலை நினைவுக்கு வராமல் போகாது. மலை முழுக்க இரும்புத் தாது. அடிவாரத்தில் சித்தர் கோயில். சேலத்துத் தாதுவை நம்பித்தான் கம்பெனி உத்தியோகத்திலிருந்த ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார், அது நிலைக்கவில்லை. 1970-இல் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தபோது, வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் வேலைதான் நடந்தது. மலை மலையாகவே இருந்தது. வீடுகளில் எவர்சில்வர் நிறைந்தது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். எவர்சில்வரில் அநேகமாக இறங்காது. துருப்பிடிக்காமல் இருப்பதுதானே அதன் பெருமை. என் தங்கை வீட்டில் இரும்புச் சட்டி இப்போது பரண்மேல்.

இனி ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். கூட்டம் வாசல்வரை. அவர் முதலில் கேட்ட கேள்வி, நான் நாற்பது வருஷமாகக் கேட்ட இலக்கியக் கூட்டக் கேள்விகள் எதையும்விடச் சொல்லை மதித்த கேள்வி. "கிறுகிறுன்னா எப்படிம்மா? நீ நிக்கறப்ப இந்தச் சுவரு சுத்துதா? இல்ல, சுவரு அங்கேயே இருக்கு, உனக்குக் கண்ணு இருட்டுதா? இல்ல, நடக்கறப்ப கால் தரையில பதியாத மாதிரி மிதக்குதா?" தமிழில் தலைசுற்றல் என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்பதை அவர் அவிழ்த்து மூன்றாகப் பிரித்தார். சுவர் சுற்றினால் உள்காது பக்கம் தேட வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றினால் அங்கே ஒரு சிறு துகள் இடம் மாறியிருக்கலாம், தலையை ஒரு கணக்கில் திருப்பியே சரி செய்துவிடலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் சுற்றுவதுண்டு. கண் இருட்டினால் ரத்தமும் அழுத்தமும் இதயமும். மிதந்தால் வேறு பல. பயமும் மனச்சோர்வும் அதில் சேரும். அவள் யோசித்து, "இருட்டுதுங்" என்றாள். "எந்திரிக்கறப்பத்தான்."

படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார்: 104. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தார்: 82. நாடி 118. நிற்கும்போது மேல் அழுத்தம் இருபதுக்கு மேல் இறங்கினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். எழுந்து நிற்கிற ஒவ்வொரு முறையும் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். குழாய்க்குள் தண்ணீரே குறைவாக இருந்தால் எதைத் தள்ளுவது? "தண்ணி குடிக்கறதில்லையா?" அவள் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த பெண், பக்கத்துத் தறிக்காரி, சொன்னாள்: பட்டறையில் பெண்களுக்கென்று இருக்கும் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீரும் வராது. அதனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் ராத்திரி வரை ஒரு சொம்பு தண்ணீர்கூட யாரும் குடிப்பதில்லை. டீ மட்டும் ஆறு கிளாஸ். அது பட்டறைக் கணக்கு. பங்குனி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே.

ரத்தச் சோதனை வந்தது. ஹீமோகுளோபின் 8.9, கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு. சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தன. உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற கணக்கு 5; பதினைந்துக்குக் கீழே போனால் இருப்பு காலி என்று அர்த்தம். தைராய்டு சரி. சர்க்கரை சரி. காசநோய்க்கும் பார்த்தார்கள், இல்லை.

பெண் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரும்புச் சத்துக் குறைவு, அவ்வளவுதானே. டாக்டருக்கு நிம்மதி வரவில்லை. அந்த இரும்பு எங்கே போயிற்று என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அடிக்கோடிட விரும்புகிறேன். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். ஒரு மில்லி ரத்தம் போனால் சுமார் அரை மில்லிகிராம் போகிறது. ஆக, வரவு குறைந்திருக்க வேண்டும், அல்லது செலவு கூடியிருக்க வேண்டும், அல்லது இரண்டும். சிறுத்த அணு அநேகமாக இரும்பைக் காட்டும். ஆனால் தலசீமியாவைப் பிறப்பில் பாதியாகச் சுமப்பவர்களுக்கும் அணு சிறுத்திருக்கும், அவர்களுக்கு இரும்பைக் கொட்டிப் பயனில்லை. பெருத்த அணுவானால் வேறு வழி. பி12-ஆக இருக்கலாம், அல்லது லூசி வில்ஸ் பம்பாயில் தேடியதாக இருக்கலாம். அந்த ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-இல் பம்பாய் வந்தார். பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான சோகை கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். கிருமி ஒன்றும் அகப்படாதபோது அவர் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கணக்கெடுத்தார். 1929-இல் சில மாதங்கள் குன்னூரிலும் வேலை செய்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான பண்டமான மார்மைட்டைக் கொடுத்தபோது பெண்கள் தேறினார்கள். 1931-இல் அதை வெளியிட்டார். அதிலிருந்த வஸ்து 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலமாயிற்று. துணி நெய்த பெண்களின் வெளிறிய முகத்தில் ஆரம்பித்த விசாரணை அது. அவர்களுடைய ஏழ்மை என்று சொல்லி அங்கேயே நிறுத்தியிருக்கலாம், சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

வரவுப் பக்கம் பார்த்தால் எங்கள் சமவெளியின் சாப்பாடு ஒரு தனிக் கட்டுரை. இந்தப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு ஜவ்வரிசியாகி நாடெல்லாம் போகிறது. அது வெறும் மாவுச் சத்து. நாமக்கல் முட்டை 1989-இலிருந்து சத்துணவில் இருக்கிறது. முட்டை பி12 தரும், புரதம் தரும். ஆனால் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்பை அதே கருவிலுள்ள ஒரு புரதம் பிடித்து வைத்துக்கொள்வதால் குடல் அதில் சொற்பமே எடுக்கிறது. சாதத்தோடு குடிக்கும் டீயின் துவர்ப்பு மிச்சத்தையும் கட்டிப் போடுகிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அந்தக் கட்டை அவிழ்க்கும். ஈரலும் ரத்தப் பொரியலும் இரும்பைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும். சனிக்கிழமை விரதமும் புரட்டாசியும் போக மிச்சம் இருக்கும் நாட்களில் அது வாங்கப்படுகிறதா, வாங்கினால் வீட்டில் யார் தட்டில் விழுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவுப் பக்கம், கொக்கிப்புழு. செருப்பில்லாத காலின் தோல் வழியாக ஏறி, குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும். 1902-இல் ஸ்டைல்ஸ் என்ற அமெரிக்கர் தென் மாநிலத்து ஏழை வெள்ளையர்களிடம் இதைக் கண்டு சொன்னபோது பத்திரிகைகள் 'சோம்பேறிக் கிருமி' என்று தலைப்பிட்டன. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்கள் குடலிலும் அதுதான் இருந்தது. 1916-இல் ராக்பெல்லர் ஸ்தாபனம் அங்கே அதற்கென்று ஓர் இயக்கம் ஆரம்பித்தது. கங்காணி பிரம்பெடுத்து விரட்டிய சோம்பலில் எவ்வளவு அந்தப் புழுவினுடையது என்று இனிமேல் யாரும் கணக்கிட முடியாது. பட்டறைக்காரர் சோம்பல் என்றபோது எனக்கு இது நினைவு வந்தது. இவளுக்குப் புழு இல்லை.

"மாசத்துக்கு எத்தனை நாள் போகுது?" என்று டாக்டர் கேட்டார். "சரியாத்தானுங் வருது" என்றாள். இந்த இடத்தில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மீதியை அவளும் தோழியும் சொல்லச் சம்மதித்தபடி எழுதுகிறேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் இதற்கு எத்தனையோ சொல் உண்டு. தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு, தலைக்குக் குளித்தல். எல்லாம் எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லும் சொற்கள். எவ்வளவு என்று சொல்ல ஒரு சொல் இல்லை. பால் அளக்க ஆழாக்கும் நெல் அளக்க வள்ளமும் வைத்திருந்த மொழி இதை அளக்க நினைத்ததில்லை. அம்மாவுக்கும் எட்டு நாள், ஆயாவுக்கும் எட்டு நாள் என்பதால் அவள் வீட்டில் எட்டு நாள்தான் சரியான நாள். கட்டி கட்டியாகப் போவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவரும் இல்லை. தோழிதான் சொன்னாள்: "டாக்டரம்மா, ராத்திரி ஷிப்டுல ரெண்டு துணி சேத்து வெச்சும் பாவாடை நனைஞ்சுருதுங். மாத்த எடமில்லாம அப்படியே நிப்பாளுங்." அகத்துறையில் தோழி தாயிடம் உண்மையை வெளிப்படுத்துவதை அறத்தொடு நிற்றல் என்பார்கள். அதற்கு இவ்வளவு பொருத்தமான உதாரணத்தை உரைகாரர்கள் யாரும் தந்ததாக எனக்கு நினைவில்லை.

மாதம் எண்பது மில்லிக்கு மேல் போனால் அதிகம். இவளுக்கு அதைவிட வெகுவாகப் போயிருக்கிறது, பத்து வருஷமாக. இருப்பு முதலில் கரையும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அசதி நடுவிலேயே ஆரம்பித்துவிடும். அப்போது விரல் நுனியில் குத்திப் பார்த்தால் எண் சரியாகவே இருக்கும், சோம்பல் என்பவர் சொல் நிற்கும். டாக்டர் ஸ்கேனுக்கும், ரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கவும் எழுதினார். அதிகப் போக்குக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டுமே. இரும்பு மாத்திரை, வெறும் வயிற்றில், டீக்கு எட்டத்தில். மலம் கறுக்கும், பயப்படாதே, எண் ஏறிய பிறகும் இருப்பு நிரம்ப மூன்று மாதம் விடாதே என்றார். போக்கை மட்டுப்படுத்த வேறொரு மாத்திரை. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கர்ப்பப்பை மாத்திரையா என்று என் தங்கை ஒரு வாரம் சாப்பிடவில்லை. அந்தச் சண்டையை இங்கே எழுத வேண்டாம்.

ஐந்தாவது வாரம் அவள் படியேறினாள். கண் இருட்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் சோகை உள்ளவர்கள். பாதிக்கு மேல் என்றால் அது நோய் என்ற தகுதியை இழந்து சீதோஷ்ணம் போல ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இவளுக்கு வாராவாரம் நீல மாத்திரை கொடுத்தார்கள். வாய் கசக்கிறதென்று ஜன்னலுக்கு வெளியே போட்டவர்கள் உண்டு, இவள் விழுங்கினாளாம். தறிக்கு வந்ததோடு அது நின்றது. 2018-இலிருந்து திட்டத்தின் தாளில் இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். தாள் பட்டறைக்குள் வந்ததில்லை.

தாழ்ப்பாளைப் பற்றி அவள் அப்பன் பட்டறைக்காரரிடம் பேசப் போனான். முன்பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தான். அந்தத் தோழியின் நகங்கள் இவளுடையதைவிட வெளுப்பு. டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, நீயும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போ என்றார். அன்றைக்கு ரத்தம் எடுக்கும் ஜன்னல் மூடிவிட்டார்கள். அது காலை பதினொரு மணிவரைதான். தோழிக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு.